ஏர் ரைஃபிளுக்கு எதை வாங்குவது, எதை விடுவது: சென்னையில் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் 14 வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். கடந்த சில வருடங்களாக எங்கள் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோருக்கும் சாமான் வாங்க வழி சொல்வது என் பொறுப்பாகவே ஆகிவிட்டது. பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரைஃபிளின் எந்தப் பாகமும் உங்கள் உடம்போடு பொருந்தினால்தான் புள்ளி தரும். விலையைப் பார்த்து வாங்கிய பாகம் பையில்தான் கிடக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டுகிறார்கள். சென்னையில் அப்படிச் செய்யலாமா?

கூடாது. அமெரிக்காவின் மத்தியச் சட்டம் ரிசீவர் (இயங்கும் பாகங்களைத் தாங்கும் உடல் பகுதி) என்ற ஒரு பாகத்தைத்தான் துப்பாக்கியாகக் கணக்கிடுகிறது. அதனால் மற்ற பாகங்கள் அங்கே தபாலில் வீட்டுக்கே வருகின்றன. நம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும், ஆயுதம் செய்யும் எந்திரமும் அடங்கும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் மாற்றியமைப்பதும் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் வரை சிறை தரும் குற்றம். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு எதையும் ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் அந்த வீடியோக்கள் ஏன் பிடிக்கின்றன என்பது எனக்குப் புரிகிறது. ஒரு கருவியைத் திருகு திருகாகத் தன் கைக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதில் பெரிய சந்தோஷம் இருக்கிறது. அந்த சந்தோஷம் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் முழுசாகக் கிடைக்கும்.

ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குண்டின் விட்டம் 4.5 மி.மீ.-க்கு மிகாமலும் சக்தி 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். போட்டி ரைஃபிள் எல்லாமே 4.5 மி.மீ.தான். அரை கிராமுக்குச் சற்று கூடுதலான பெல்லட்டை (சின்ன ஈயக் குண்டு) நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் அனுப்பும். கணக்குப் போட்டால் 8 ஜூலைக்கூடத் தொடாது. அடையாள அட்டை, முகவரிச் சான்று நகல் இரண்டையும் கடையில் கொடுத்து, பில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். சக்தியைக் கூட்டித் தருகிறேன், ஸ்பிரிங் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். சட்டச் சிக்கல் ஒருபக்கம் இருக்கட்டும், 10 மீட்டர் சுடுகிறவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. வேகம் கூடினால் அதிர்வும் கூடும்.

முதல் நாளே ரைஃபிள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். குறைந்தது 3 மாதம் கிளப் ரைஃபிளில் சுடுங்கள். வாங்கும் வரிசை என்னைக் கேட்டால் இப்படி: முதலில் சுடுவதற்கென்றே உள்ள ஷூ, அப்புறம் அதேபோல ஜாக்கெட்டும் டிரவுசரும், பிறகு குளோவ், நல்ல பெல்லட், கடைசியில்தான் ரைஃபிள். முதல் நாளே சில லட்சம் போட்டு ஜெர்மன் ரைஃபிள் வாங்கிவிட்டு, வாடகை ஜாக்கெட்டில் தொளதொளவென்று நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதுகும் இடுப்பும் ஆடுகிறபோது ரைஃபிள் என்ன செய்யும்?

எந்தக் கண்ணால் குறி பார்ப்பது, எந்தக் கைக்கு ரைஃபிள் வாங்குவது?

காசு செலவழிப்பதற்கு முன்னால் இதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விடுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடியே அதன் வழியாகச் சுவரில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது கடிகாரம் தெரிகிறதோ அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமாக இருப்பது அபூர்வமில்லை. சிறுவயதில் தொடங்குகிறவர் என்றால் கண் பக்கமே ரைஃபிளை மாற்றிப் பழகச் சொல்வேன், கை பழகிக்கொள்ளும். பெரியவர்கள் வழக்கமான கைப்பக்கமே வைத்துக்கொண்டு, குறி பார்க்காத கண்ணுக்கு ஒரு மறைப்பு போட்டுக்கொள்ளலாம். அது 30 மி.மீ. அகலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. கண்ணை இறுக்கி மூடிச் சுடாதீர்கள். முகத் தசை இறுகி, திறந்த கண்ணும் கலங்கும்.

ரைஃபிளில் ஓப்பன் சைட், பீப் சைட் என்கிறார்களே, எதில் தொடங்குவது?

ஓப்பன் சைட் என்பது பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முனை. பீப் சைட்டில் பின்னால் ஊசித்துளை போன்ற ஒரு சின்ன ஓட்டை, முன்னால் குழாய்க்குள் ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்துக்கு நடுவில் கறுப்பு வட்டத்தை உட்காரவைக்க வேண்டும். இங்கே உள்ளூர்ப் போட்டிகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. ஒலிம்பிக்கில் பீப் சைட் மட்டும்தான். சும்மா பழகிப் பார்க்க ஓப்பன் சைட்டில் ஒரு பருவம் போகட்டும். போட்டிதான் நோக்கம் என்றால் நேராக பீப் சைட்டுக்கே போங்கள். பின்னால் மாறும்போது தலை வைக்கும் பழக்கத்தை அடியோடு மாற்ற வேண்டிவரும். டெலஸ்கோப் எந்தப் பிரிவிலும் செல்லாது.

எந்த கம்பெனி ரைஃபிள் நல்லது?

ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஆன்ஷூட்ஸ், ஸ்டெயர், பர்டினி எல்லாமே உலகப் போட்டிகளில் ஜெயிக்கும் ரைஃபிள்கள்தான். இவற்றில் எதையும் கிளாம்பில் (அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் தாங்கி) பிடித்து நல்ல பெல்லட் போட்டுச் சுட்டால் எல்லா குண்டும் ஒரே ஓட்டைக்குள் போகும். இந்தியத் தயாரிப்பில் ப்ரிசிஹோல் தொடக்கக்காரர்களுக்கு நன்றாகவே போதும். சர்வீஸும் உள்நாட்டிலேயே முடிந்துவிடும்.

நான் பார்ப்பது வேறு நான்கு விஷயம். தோளில் பதியும் பட் பிளேட்டை மேலே, கீழே, முன்னே, பின்னே, பக்கவாட்டில் நகர்த்த முடிகிறதா? கன்னம் வைக்கும் சீக் பீஸை உயர்த்தவும் சாய்க்கவும் முடிகிறதா? ட்ரிகரைக் கையளவுக்கு முன்னும் பின்னும் தள்ள முடிகிறதா? அந்த ரைஃபிளுக்கு சீலும் காற்றுச் சிலிண்டரும் இங்கே கிடைக்குமா? வளரும் பிள்ளைக்கு முதல் மூன்றும் கட்டாயம் வேண்டும். 12 வயதில் வாங்கியது 16 வயதிலும் பொருந்த வேண்டுமே.

பட் பிளேட்டையும் சீக் பீஸையும் எப்படி அமைப்பது?

இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். எங்கள் ரேஞ்சில் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

ஜாக்கெட், டிரவுசர், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு சுடும் கோட்டில் நில்லுங்கள். வெறும் டி-ஷர்ட்டில் அமைத்தால் மறுநாள் எல்லாம் தப்பாகிவிடும். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் வைத்து ரைஃபிளைத் தாங்குங்கள். பட் பிளேட் தோள்குழிக்குள் தானாக வந்து உட்காரட்டும், தோளைக் கொண்டுபோய் அதில் திணிக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சீக் பீஸின் மேல் அதன் கனத்தோடு இறக்குங்கள். மூன்று முறை மூச்சு விடுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். பின் சைட்டின் ஓட்டைக்கு நடுவில் முன் சைட் தெரிய வேண்டும். முன் சைட் கீழே ஒதுங்கித் தெரிந்தால் கண் தாழ்வாக இருக்கிறது, சீக் பீஸை அரை மில்லிமீட்டர் ஏற்றுங்கள். பக்கவாட்டில் ஒதுங்கினால் சீக் பீஸை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். கழுத்தை வளைத்துச் சரிசெய்யவே கூடாது. திரும்பவும் கண்ணை மூடி, மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். பத்து முறையாவது செய்ய வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு திருகின் அளவையும் நோட்டில் எழுதி வையுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ரேஞ்சில் ஒரு பெண் இரண்டு மாதமாக எல்லாக் குண்டையும் இலக்கின் கீழ்ப்பக்கமே போட்டுக்கொண்டிருந்தாள். கோச் மூச்சைச் சொன்னார், நான் ட்ரிகரைச் சொன்னேன். கடைசியில் நோட்டைப் புரட்டிப் பார்த்தால், பட் பிளேட் பழைய அளவிலிருந்து 4 மி.மீ. இறங்கியிருந்தது. கேஸில் அடிபட்டுத் திருகு தளர்ந்திருக்கிறது. ஆலன் சாவியால் ஒரு திருப்பு திருப்பினோம், அன்றைக்கே குண்டுகள் மேலே வந்துவிட்டன.

என்னென்ன மாட்டக் கூடாது?

ஸ்லிங் வார், பாம் ரெஸ்ட் (உள்ளங்கைத் தாங்கி), கொக்கி வைத்த பட் பிளேட், பைபாட் (இரட்டைக்கால் தாங்கி), குழல்முனையில் அதிர்வைக் குறைக்கும் கருவி, டெலஸ்கோப், லேசர் இவை எதுவும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் செல்லாது. மொத்த எடை 5.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. இயங்கு பகுதியின் பின்முனையிலிருந்து குழல்முனைக் குழாயின் நுனி வரை நீளம் 850 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். எடைக்கட்டிகளை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். கனம் கூடினால் ஆட்டம் குறையும்தான், ஆனால் 60 குண்டு சுட்டு முடிப்பதற்குள் இடுப்பு கேட்காது.

பெல்லட்டில் இவ்வளவு விலை வித்தியாசம் ஏன்? எதை வாங்குவது?

10 மீட்டரில் பயன்படுத்துவது தட்டைத் தலை பெல்லட். அது காகிதத்தில் சுத்தமான வட்டமாக ஓட்டை போடும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி மேட்ச், சீனாவின் சியாங் யுவான் ஆகியவை இங்கே அதிகம் புழங்குபவை. டின் மேல் 4.49, 4.50 என்று போட்டிருப்பது தலையின் விட்டம். எந்த அளவு எந்தக் குழலுக்குப் பிடிக்கும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே 10.0. அதாவது பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒவ்வொரு 0.25 மி.மீ.-க்கும் 0.1 புள்ளி. பெல்லட் தானாகவே 1 மி.மீ. சிதறினால் உங்கள் தவறே இல்லாமல் 0.4 புள்ளி போய்விடும். 60 குண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

அதனால் கிளப்பில் குழலைப் பிடிக்கும் கிளாம்ப் இருந்தால் நாலைந்து வகையில் ஒவ்வொரு டின் வாங்கி, வகைக்கு 10 குண்டு வீதம் ஒரே காகிதத்தில் சுடுங்கள். பத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, ஓட்டையின் ஓரம் கத்தரியால் வெட்டியது மாதிரி வட்டமாக இருந்தால் அதுதான் உங்கள் பெல்லட். ஓட்டை முட்டை வடிவத்தில் இழுத்திருந்தால் விட்டுவிடுங்கள். பிடித்த வகை கிடைத்ததும் அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் மொத்தமாக வாங்கி வையுங்கள். அடுத்த லாட் இதே மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது.

ஆரம்பத்தில் 540, 550 அடிக்கும் ஒருவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. நடுத்தர விலையில் ஒரு வகையை எடுத்து அதையே சுடுங்கள். 600-ஐ நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். தகுதிச் சுற்றின் முழு மதிப்பெண் 654.0.

பழைய ரைஃபிள் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். 20 வருடப் பழைய ரைஃபிளின் குழலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் சிலிண்டரைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நான் அப்படிக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். 2013-இல் ஒருவரிடம் ரைஃபிள் வாங்கும்போது பட் பிளேட்டையும் சைட்டையும் அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிலிண்டரில் பொறித்திருந்த தேதியைப் பார்க்கவில்லை. மாநிலப் போட்டியில் கருவிச் சோதனை மேசையில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சிலிண்டரின் கழுத்தைப் பார்த்து, "இது காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆச்சுப்பா" என்றார். அன்றைக்குச் சுடவே இல்லை. தேதி கடந்த சிலிண்டரைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்றுதான் விதி சொல்கிறது. 200 பார் அழுத்தம் தாங்கும் பாத்திரம் அது, முகத்துக்கு அரை அடி தள்ளி இருக்கிறது. இதில் எந்த சமரசமும் வேண்டாம்.

மற்றபடி, காற்று நிரப்பிவிட்டு ஒரு இரவு வைத்து, காலையில் மானியைப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் சீல் போயிருக்கிறது. விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

சிலிண்டருக்குக் காற்று எங்கே நிரப்புவது? கைப்பம்ப் போதுமா?

வசதி உள்ள ரேஞ்சில் நிரப்புவதுதான் நல்லது. ஸ்கூபா டைவிங்குக்கு நிரப்பும் உலர்ந்த காற்றும் சரிதான். கைப்பம்ப்பை நான் அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். சென்னைக் காற்றில் உள்ள ஈரம் அப்படியே சிலிண்டருக்குள் போகும், உள்ளே துருப்பிடிக்கும், அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கெடும். பம்ப்பிலேயே ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் இருக்க வேண்டும். 50 முறை அடித்ததும் நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆக்ஸிஜனை ஒருபோதும் நிரப்பாதீர்கள். வெல்டிங் கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று ஒரு அப்பா கேட்டார். அழுத்தமான ஆக்ஸிஜனும் துளி கிரீஸும் சேர்ந்தால் சிலிண்டர் வெடிக்கும். அதேபோல நிரப்பும் வாயில் தையல் மெஷின் எண்ணெய் விடக்கூடாது. ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும்.

ஜாக்கெட் இறுக்கமாக இருக்க வேண்டுமா, தளர்வாகவா?

நிமிர்ந்து நிற்கும்போது முதுகைப் பிடிக்க வேண்டும், மூச்சைத் தடுக்கக் கூடாது. அளவெடுத்துத் தைப்பதுதான் சிறந்தது. துணியின் தடிமன் 2.5 மி.மீ.-க்கு மேல் போனால் சோதனையில் தள்ளிவிடுவார்கள். விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள். உள்ளூரில் தைத்த ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கும், பழக அது போதும். போட்டிக்கு வாங்கும்போது அளந்து காட்டச் சொல்லி வாங்குங்கள்.

நம் ஊரில் இதைப் பராமரிப்பதுதான் பெரிய வேலை. ஒரு மணி நேரத்தில் உள்ளே போட்டிருக்கும் பனியன் பிழிந்தால் சொட்டும். ஈரத்தோடு கேஸில் சுருட்டி வைத்தால், ஐப்பசி மழையில் மூன்றாம் நாள் பூஞ்சை பூத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அகலமான ஹேங்கரில் மாட்டி ஃபேனுக்கு அடியில் விடுங்கள். வெயிலில் போட வேண்டாம், தோல் வெடிக்கும். ரைஃபிள் கேஸில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். சைட்டின் திருகுகளையும் குழலின் வெளிப்புறத்தையும் சுட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வை உப்பும் கடல்காற்றும் சேர்ந்தால் துரு வர ஒரு வாரம் போதும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ட்ரிகரை எவ்வளவு லேசாக வைக்கலாம்?

ஏர் பிஸ்டலில் ட்ரிகரை இழுக்கும் கனம் குறைந்தபட்சம் 500 கிராம் என்று விதி உண்டு. ரைஃபிளுக்கு அப்படி எதுவும் இல்லை. அதற்காகத் தொட்டாலே வெடிக்கிற மாதிரி வைத்துவிடாதீர்கள். விரல் முதல் கட்டத்தை அழுத்தி, சுவரில் மோதியதுபோல ஓர் இடத்தில் நின்று, அப்புறம் நீங்கள் நினைத்தால்தான் அடுத்த கட்டம் போக வேண்டும். புதியவர்களுக்கு நான் கொஞ்சம் கனமாகவே வைத்துத் தருகிறேன்.

வீட்டில் பழக முடியுமா?

முடியும். பெல்லட் இல்லாமல் ட்ரை ஃபயர் செய்யுங்கள். போட்டி ரைஃபிள்களில் அதற்கென்று தனி வசதி உண்டு. ஹாலில் 5 மீட்டர்தான் இருக்கிறதென்றால் கறுப்பு வட்டத்தைப் பாதியாகக் குறைத்து அச்சடித்து ஒட்டுங்கள். 30.5 மி.மீ. என்பது 15.25 மி.மீ. ஆகும், கண்ணுக்கு அதே அளவில் தெரியும். தினமும் 20 நிமிடம் போதும். தொடங்கும் முன் குழலில் பெல்லட் இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள், ஒவ்வொரு நாளும். வாசல் பக்கமோ ஜன்னல் பக்கமோ நீட்டாதீர்கள். அபார்ட்மென்ட் மாடியில் உண்மையான பெல்லட் சுடவே கூடாது.

பெல்லட் ஈயமாமே, பிள்ளைக்கு ஆபத்தில்லையா?

கையால் தொடுவதில் பெரிய ஆபத்து இல்லை, வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுடும்போது பிஸ்கெட் சாப்பிடக் கூடாது, பெல்லட்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அறவே கூடாது. முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் ஈயத்தைப் போக்காது.

ரைஃபிளோடு ரயிலிலும் விமானத்திலும் போவது எப்படி?

எப்போதும் பூட்டிய கேஸில், பெல்லட் தனியாக. பில் நகல், கிளப் அடையாள அட்டை, போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் அதன் அழைப்புக் கடிதம் மூன்றும் கேஸிலேயே இருக்கட்டும். ரயிலில் டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சுக்கோ போபாலுக்கோ போகும்போது கேஸை மேல் பெர்த்தில் தலைமாட்டில் வையுங்கள், சீட்டுக்கு அடியில் தள்ளினால் சைட் அடிபடும். விமானத்தில் செக்-இன் சாமானாகத்தான் போகும். முந்தின நாளே ஏர்லைன்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டரைக் கழற்றி, காற்றை முழுக்க வெளியேற்றி, மானியில் பூஜ்யம் தெரியும்படி மேலாக வையுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்கலாம், பொறுமையாகக் காட்டுங்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது பற்றாது, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போய் இறங்கியதும் முதல் வேலை, நோட்டை எடுத்து எல்லாத் திருகையும் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.